திறப்பு விழாவுக்குப் பிறகு நீர்க்கரைச் சிலைகளுக்கு நேர்வது

உலோகச் சிற்பங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். தண்ணீரை நம்பி வாழ்ந்த ஒரு பகுதி தன் பழைய வாழ்க்கையை நினைவுகூரச் சிலை எழுப்பும்போது, அதன் உருவத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால், பாதங்களுக்கு அடியில் எந்த உலோகத்தில் போல்ட் போடப்படுகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வலை இழுக்கும் மூவரைக் காட்டும் வெண்கலச் சிலை ஒன்றைச் சோதிக்கப் போயிருந்தேன். நடுவில் நிற்பவரின் கணுக்காலிலிருந்து பீடம் வரை செம்பழுப்புக் கறை வழிந்திருந்தது. வெண்கலத்திலிருந்து அந்த நிறம் வராது. உள்ளே சாதாரண இரும்புத் தண்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். உப்பு கலந்த ஈரம் இரண்டு உலோகங்களையும் இணைத்துவிட்டால் இரும்புதான் விரைவாக அரிக்கப்படும். துருவாக மாறும்போது அது உப்பிப் பெருகுவதால், சுற்றியுள்ள வெண்கலத்தையும் பிளந்துவிடும். அந்தக் கணுக்காலில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்கெனவே ஓடியிருந்தது.

இது புதிய பாடமும் அல்ல. 1886-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையில், ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகட்டுக்கும் உள்ளிருந்த இரும்புச் சட்டங்களுக்கும் இடையே வைத்த தடுப்பு நாளடைவில் சிதைந்து, சட்டங்கள் துருவேறின. 1986-இல் முடிந்த சீரமைப்பில் அவற்றை 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகால் மாற்ற வேண்டியதாயிற்று. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. பரவலாகக் கிடைக்கும் 304 வகை கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும்; மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 வகை அதைவிட நன்றாகத் தாங்கும்.

வெண்கலத்துக்கே வரும் நோயும் உண்டு. அதில் பச்சைக் களிம்பு படர்ந்து, கெட்டியாக ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வெளிர்பச்சை நிறத்தில், விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தால், உப்பிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்து ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது உடனே வல்லுநரை அழையுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், கவெனா பாலத்தருகே, ஐந்து சிறுவர்கள் தண்ணீரில் குதித்து விளையாடும் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. சோங் ஃபா சியோங் 2000-இல் செய்தது. ஆற்றில் நெருங்கிக் கிடந்த சரக்குப் படகுகள் 1983-இல் அங்கிருந்து அகற்றப்பட்டபின், அந்தக் கரையின் பழைய நாள்களை வழிப்போக்கருக்கு எடுத்துச் சொல்பவர்களில் அந்தச் சிறுவர்களும் அடக்கம். இத்தகைய சிற்பங்களில் உயிர் இருப்பது கை, கால், கயிறு, துணிமடிப்பு போன்ற நுணுக்கங்களில்தான். பராமரிப்பு தவறினால் முதலில் அழிவதும் அவைதான்.

ஆகவே சிலைக்கு ஒப்பந்தம் போடும்போதே உள்தண்டின் உலோகம், மழைநீர் வடியும் துளைகள், ஆண்டுப் பராமரிப்புக்கான தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உப்புப் படிவை நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவுவதும், ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் துலக்கி, நன்கு உலர்த்தி, மெழுகு பூசுவதும் பெரிய செலவல்ல. பளபளப்புக்காகப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அந்த மூவரின் கால்களில் இப்போது 316 தண்டுகள், வெண்கலத்தைத் தொடாதபடி நைலான் வளையங்களோடு இருக்கின்றன, வெடிப்பையும் அடைத்துவிட்டோம். ஆனால், அந்தப் பகுதியின் முதியவர்கள் சிற்பிக்குக் கையால் திரித்துக் காட்டி, அவர் அப்படியே வடித்திருந்த வலைக்கயிற்றின் முறுக்கு, பல ஆண்டுகள் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் வழவழவென்று மழுங்கிவிட்டது. அதை என்னால் மீட்க முடியவில்லை.