கிரியோல் வீட்டை வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் கிரியோல் காட்டேஜ் என்று ஒரு வகை உண்டு. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் அங்கே வேர்விட்ட மக்களையும் அவர்கள் பண்பாட்டையும்தான் கிரியோல் என்கிறார்கள். விளம்பரப் படத்தில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நடைபாதையை ஒட்டியே முன்சுவர். அதில் கதவும் ஜன்னலுமாக நான்கு திறப்புகள். ஒவ்வொன்றுக்கும் வெளியே கெட்டியான பலகைக் கதவு. மேலே சரிவான கூரை. உள்ளே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சதுர அறைகள். 1820 என்றோ 1830 என்றோ ஒரு வருடம் போட்டிருக்கும். கூடவே, சுவர் 'தூண்களுக்கு நடுவே செங்கல்' என்று ஒரு குறிப்பும் இருக்கும். விலையை விட அந்தக் குறிப்பைத்தான் நான் முதலில் தேடுவேன். இருநூறு வருடங்களாகச் சதுப்பு நிலத்தின் ஈரத்தில் அந்த வீடு நின்றதற்கும், இப்போது சில வருடங்களிலேயே உளுத்துப் போவதற்கும் காரணம் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது.

நகரம் 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவியது. மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண், அதனால் கட்டடக் கல் கிடையாது. களிமண் இருந்தது, சதுப்புக் காடுகளில் சைப்ரஸ் மரம் இருந்தது. பல நூறு வருடம் வளர்ந்த சைப்ரஸின் வயிரத்தைப் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் தொடாது. ஆக, மரத்தால் எலும்புக்கூடு, இடைவெளியில் மண் அல்லது செங்கல் என்பதுதான் அந்த ஊருக்கு வாய்த்த கட்டுமானம்.

தரையில் புதைத்த தூண்கள் அடியில் அழுகிவிடும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால் செங்கல் கட்டின் மேல் கனத்த அடிச்சட்டத்தைக் கிடத்தி, அதன் மேல் தூண்களை நிறுத்தினார்கள். தூணின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, சட்டத்தில் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணியை அடித்து இறுக்குவார்கள். மூலைத் தூண்களுக்குச் சாய்வான முட்டுச் சட்டம் கொடுப்பார்கள். காற்று தள்ளும்போது சட்டகம் கோணிப் போகாமல் பிடிப்பது அதுதான். மரங்களைத் தரையிலேயே பொருத்திப் பார்த்து, எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று உளியால் ரோமன் எண் கீறி, பிரித்துக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். நகரத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் இருக்கும் லாரா தோட்ட மாளிகையின் மரங்களில் 1805இல் கீறிய எண்களை இன்றும் படிக்கலாம்.

சரி, இடைவெளியை எப்படி அடைத்தார்கள்? பழைய முறைக்கு பூசியாஜ் என்று பெயர். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் ஓக் மரங்களில் சாம்பல் நிறத் தாடி போலத் தொங்கும் ஒரு செடி உண்டு. ஸ்பானியப் பாசி என்பார்கள். பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நனைத்துக் குவித்து வைத்தால் மேல்தோல் அழுகிப் போய், குதிரை முடி போல ஒரு கறுப்பு நார் மிஞ்சும். குழியில் களிமண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, நாரைப் போட்டுக் காலால் மிதிப்பார்கள். அதற்கு முன்பே தூணுக்குத் தூண் ஏணிப்படி போலக் குச்சிகளைக் குறுக்கே செருகியிருப்பார்கள். மிதித்த மண்ணை நீள உருண்டைகளாக்கி, கொடியில் துணி போடுகிற மாதிரி ஒவ்வொரு குச்சியின் மேலும் மடித்துத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே போவார்கள். களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நார் அந்த இழுவிசையைப் பகிர்ந்துகொள்வதால், ஒரே பெரிய பிளவு விழாமல் மயிரிழைக் கீறல்களோடு நின்றுவிடும். கண்ணாடியிழை சேர்த்த கான்கிரீட்டில் இன்று பொறியாளர்கள் செய்வதும் இதே வேலைதான்.

பிரெஞ்சு கிராமத்து மண்சுவர், பூர்வகுடி மக்களின் பாசி கலந்த மண், ஆப்பிரிக்கக் கைகளின் பழக்கம் எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. அதே ஆற்றங்கரையில் இருக்கும் டெஸ்ட்ரஹான் தோட்ட மாளிகையை 1787இல் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் சார்ல் பாகே, அடிமையாக இல்லாத கலப்பினத் தச்சர். அவருக்குக் கீழே மண் மிதித்தவர்கள் அடிமைகள். இந்தச் சுவர்களின் அழகைப் பேசும்போது அந்தக் கால்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நகரத்துக்குள் மண்ணின் இடத்தைச் செங்கல் பிடித்ததில் தீக்கும் பங்கு உண்டு. 1788 மார்ச் 21, பெரிய வெள்ளியன்று எரிந்தவை 850க்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1794 டிசம்பரில் மறுபடியும் 200க்கும் மேல். அப்போது ஆண்ட ஸ்பானிய நிர்வாகம், மரச் சட்டக வீடு கட்டினால் இடையில் செங்கல் வைத்து, மேலே கனமாகப் பூச வேண்டும் என்று விதித்தது. ஹெய்ட்டிப் புரட்சியின்போது வெளியேறியிருந்த 9,000க்கும் மேற்பட்டவர்கள் 1809இல் கியூபாவிலிருந்து வந்து இறங்கினார்கள். பின்வந்த ஆண்டுகளில் நகரத்தின் மாரிஞி, ட்ரெமே பகுதிகளில் இந்த வீடுகள் வரிசையாக எழுந்தன. அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள் பலர் இவற்றைச் சொந்தமாக வைத்திருந்தார்கள்.

உள்ளூர்ச் செங்கல் மென்மையானது. குறைந்த சூட்டில் வெந்தது, தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும். அதற்குத் துணையாக இருந்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறும். நீற்றிய சுண்ணாம்பைப் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு அது மறுபடியும் கல்லாகும். இப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் நிறைய. மழையில் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், தரையிலிருந்து ஓதம் ஏறும். மழை விட்டதும் அதே துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடும். மரம் நனைந்தாலும் நனைந்தபடி கிடக்காது. அழுகலை உண்டாக்கும் பூஞ்சைக்குத் தொடர்ந்து ஈரம் வேண்டும். அது கிடைக்காமலேயே இருநூறு வருடம் ஓடியிருக்கிறது. பூச்சு இல்லாமல் மரத்தை வெறுமனே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உர்சுலைன் கன்னியர் மடம் சாட்சி. 1734இல் முடிந்த முதல் கட்டடத்தின் சட்டகம் வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் உளுத்துப் போய், வேறு கட்டடம் கட்ட வேண்டியதாயிற்று.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது சிமெண்ட். நல்ல எண்ணத்தில்தான் பூசுகிறார்கள்: பூச்சு உதிர்கிறது, கெட்டியாக ஒன்றை அடித்துவிடலாம் என்று. ஆனால் சிமெண்ட் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அது விறைப்பானது, மரம் பருவத்துக்குப் பருவம் ஊதிச் சுருங்கும்போது தூண் ஓரமாகக் கீறல் விடும். அந்தக் கீறல் வழியே மழை உள்ளே போகும், வெளியேற வழியில்லை. ஓதம் இன்னும் மேலே ஏறும். அது சுமந்துவரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் சுவருக்குள் தூணின் கால் பிண்ணாக்கு போல ஆகியிருக்கும். அந்த ஈர மரத்தைத் தேடிக் கரையான் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல்களில் வந்த ஃபார்மோசா கரையான், இந்த ஊர் மர வீடுகளைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல.

ஏசி இன்னொரு சிக்கல். அங்கே கோடையில் காற்றின் பனிநிலை 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதாவது, அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். அறையை 20 டிகிரிக்குக் குளிர்வித்து, உட்சுவரில் பிளாஸ்டிக் வண்ணமோ வினைல் தாளோ ஒட்டினால், வெளியிலிருந்து சுவருக்குள் வந்த ஆவி அந்தத் தாளின் முதுகில் முத்து முத்தாக நிற்கும். ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொஞ்சம் குறைத்துப் போட்டு, உட்சுவருக்கும் சுண்ணாம்பே அடித்தால் சமாளிக்கலாம்.

ஏசி வருவதற்கு முன்பு வெப்பத்தைத் தடித்த சுவர்தான் தாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இரவில் நன்றாகக் குளிரும் ஊரில் அது சரி. நியூ ஆர்லியன்ஸின் கோடை இரவு அவ்வளவு குளிராது, அதனால் சுவரால் ஓரளவுதான் உதவ முடியும். பெரிய வேலையைச் செய்தவை நிழலும் காற்றும். கூரை நடைபாதைக்கு மேல் சில அடி நீண்டு நிற்கும். அந்த ஊர் வட அட்சம் 30 டிகிரி. ஜூன் 21 நண்பகலில் சூரியன் 83 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். நான்கடி நீட்டமே தெற்குச் சுவர் முழுவதையும் நிழலில் வைத்துவிடும். டிசம்பரில் சூரியன் 37 டிகிரிக்கு இறங்குவதால் அதே நீட்டத்துக்குக் கீழே வெயில் நுழையும். உள்ளே நடைவழி இல்லாதது குறையல்ல. அறைக்கு அறை கதவு நேராக இருப்பதால் தெருக் காற்று கொல்லை வரை தடையில்லாமல் ஓடும். சமையலறை மட்டும் தனியாகப் பின்னால்.

அப்புறம், அப்படியொரு வீட்டைப் பார்க்கப் போகிறவர் தரையிலிருந்து முதல் மூன்றடியைத்தான் கவனிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று வெற்றொலி வரும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறது. வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அங்கே ஓதம் ஏறுகிறது. அடிச்சட்டம் தெரியும் இடத்தில் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். நல்ல சைப்ரஸ் என்றால் முனை உள்ளே போகாது. பூச்சு சாவியால் சுரண்டினால் தூளாக வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு, கீறல்கூட விழவில்லை என்றால் சிமெண்ட். சிமெண்டாக இருந்தால் அதைப் பெயர்க்கும் கூலியையும் கணக்கில் சேர்த்து விலை பேச வேண்டும். பெயர்த்த கையோடு புதுச் சுண்ணாம்பு பூச அவசரப்படவும் கூடாது. சுவர் சில மாதங்கள் வெறும் உடம்போடு காய வேண்டும். அதன்பின் ஒரு பூச்சு, அது இறுகும்வரை காத்திருப்பு, பிறகு அடுத்த பூச்சு என்றுதான் போக வேண்டும்.