சாய்த்தால் பச்சை ஏன் நீலமாகிறது?

சில பண நோட்டுகளில் நிறம் மாறும் மையால் அச்சிட்ட ஒரு பகுதி உண்டு. நேராகப் பார்த்தால் பச்சை. நோட்டைக் கொஞ்சம் சாய்த்தால் நீலம். திரும்ப நிமிர்த்தினால் பழையபடி பச்சை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த மையில் பச்சைச் சாயமும் கிடையாது, நீலச் சாயமும் கிடையாது என்பதுதான். சோப்புக் குமிழிக்கு எங்கிருந்து வண்ணம் வருகிறதோ, அங்கிருந்துதான் இதற்கும் வருகிறது.

மைக்குள் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் மிதக்கின்றன. ஒரு செதிலின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். அதற்குள்ளேயே ஐந்து அடுக்குகள் உண்டு: நடுவில் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் அலுமினியம், அதன் இருபுறமும் மெக்னீசியம் ஃபுளோரைடு, வெளிப்பக்கங்களில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய குரோமியம். இருபுறமும் ஒரே அமைப்பு என்பதால், அச்சில் செதில் எந்தப் பக்கமாக விழுந்தாலும் கவலை இல்லை.

ஒளியில் ஒரு பகுதி குரோமியத்திலேயே திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே போய் அலுமினியத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டு அலைகளும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எது பிழைக்கும் என்பதை முடிவு செய்வது குரோமியத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவிலுள்ள ஃபுளோரைடு படலத்தின் தடிமன்தான்.

சரி, சாய்த்தால் என்ன ஆகிறது? ஒளி சரிவாக நுழைவதால் படலத்துக்குள் அது கடக்கும் தூரம் கூடத்தானே செய்யும், அப்படியென்றால் நிறம் சிவப்புப் பக்கம் போக வேண்டாமா என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். உள்ளே போன அலை வெளியே வருவதற்குள், மேலேயே திரும்பிய அலையும் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் முன்னேறிவிடுகிறது. அதைக் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான பாதை வேறுபாடு குறைந்துதான் போகிறது. அதனால் வலுக்கும் அலைநீளமும் சுருங்குகிறது. மெக்னீசியம் ஃபுளோரைடின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, 1.38. நேராகப் பார்க்கையில் 540 நானோமீட்டர் பச்சை தெரிந்தால், 45 டிகிரி சாய்வில் அது சுமார் 464 நானோமீட்டர், அதாவது நீலம். ஒளிவிலகல் எண் 2.3 உள்ள பொருளை வைத்தால் 514-க்குத்தான் இறங்கும், பச்சை பச்சையாகவே நின்றுவிடும். இந்த ஃபுளோரைடைத் தேர்ந்தெடுத்ததன் அருமை அங்கேதான் இருக்கிறது.

கள்ள நோட்டு அடிக்க நினைத்தால், ஒளிநகல் இயந்திரம் இங்கே தோற்றுப்போகிறது. அது ஒரே கோணத்தில் பார்த்து, பார்த்த நிறத்தைச் சாதாரண மையில் அச்சிடும். அந்தப் பிரதியை எப்படிச் சாய்த்தாலும் பச்சை பச்சைதான். செதிலையே செய்யலாம் என்றால், வெற்றிட அறையில் உலோகத்தை ஆவியாக்கி, நானோமீட்டர் கணக்கில் படலம் படலமாகப் படிய வைத்து, பிறகு உரித்துப் பொடியாக்க வேண்டும்.

1987-இல் தாய்லாந்தின் 60 பாட் நினைவு நோட்டில் இந்த வகை மை வந்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா தாளுக்குப் பதிலாகப் பாலிமரில் 10 டாலர் நோட்டை வெளியிட்டது. பாலிமர் நோட்டு என்பது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம். தாளின் நார்கள் மேடுபள்ளமானவை, செதில்கள் அவற்றின் மேல் ஆளுக்கொரு திசையில் சாய்ந்துகொள்ளும். வழவழப்பான படலத்தில் அவை படுத்த வாக்கில் அமைய வசதி அதிகம், நிறமாற்றமும் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்புக்கு ஒரு விலை உண்டு. தாள் மையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் உறிஞ்சாது, லேசில் ஒட்டவும் விடாது. அதனால் முதலில் மேற்பரப்பைப் பதப்படுத்தி, அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் அச்சு. சாதாரண மைத்துகள்களைவிடச் செதில்கள் பெரியவை என்பதால், வலை வழியே மையை அழுத்தி இறக்கும் திரை அச்சில் கனமான மைப்படலமாக இறக்குவதே வழக்கம்.

அப்புறம், சில நோட்டுகளில் சாய்க்கும்போது ஒரு பளிச்சென்ற பட்டை மேலும் கீழும் உருளும். அங்கே செதிலுக்குள் ஒரு காந்த அடுக்கும் சேர்ந்திருக்கும். ஈர மைக்கு அடியில் காந்தத்தைக் கொண்டுவந்தால், இரும்புத்தூள் போலச் செதில்கள் வளைவாக அணிவகுக்கும். அந்தக் கணமே புற ஊதா ஒளி பாய்ச்சி மையை இறுக்கிவிடுகிறார்கள். எந்தச் செதில் நம் கண்ணை நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அது மட்டும் மின்னும். நோட்டைச் சாய்க்கச் சாய்க்க அந்த மினுக்கம் அடுத்த வரிசைக்கு, அதற்கும் அடுத்த வரிசைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.