மல்லாட்டையைப் பிடுங்கிய பிறகு மண்ணில் என்ன மிச்சம்?

ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, ஐப்பசி வாக்கில் பிடுங்குவார்கள். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செடி வேரோடு கையில் வந்துவிடும். காயை ஆய்ந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், கொடி மாட்டுக்குப் போகும். நெல் கழனியிலாவது தாள்கட்டை நிற்கும், இங்கே அதுவும் கிடையாது. அப்படியானால் மண்ணுக்கு இந்தப் பயிர் கார்பன் எதுவும் தரவில்லையா?

தந்திருக்கிறது, உயிரோடு நின்ற நாளெல்லாம்.

பகலில் இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துச் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை செடிக்குள் சாறு கடத்தும் ஃபுளோயம் குழாய்களில் ஏறும்போது தண்ணீரும் கூடவே புகுந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. வேர்ப்பக்கம் சர்க்கரை செலவாகிக்கொண்டே இருப்பதால் அங்கே அழுத்தம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வுதான் சாற்றைக் கீழே தள்ளுகிறது. தானியப் பயிர்களில் இலை பிடித்த கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் இப்படி மண்ணுக்குக் கீழே இறங்குகிறது. அதில் பாதியளவு வேராகவே வளர்கிறது, மூன்றில் ஒரு பங்கு சில நாட்களிலேயே மூச்சாக வெளியேறிவிடும். மீதிதான் நுண்ணுயிர்களுக்கும் மண்ணுக்கும்.

அந்த மீதி எப்படிப் போகிறது? வேர்நுனி சர்க்கரை, அமினோ அமிலம், சிட்ரிக் அமிலம், கொழகொழப்பான பசை என்று பலதைக் கசியவிடுகிறது. மல்லாட்டை வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா தன் பங்கை வாங்கிக்கொண்டு நைட்ரஜன் தருகிறது. வேரில் குடியிருக்கும் மைக்கோரைசா பூஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு. வேர் எட்டாத இண்டு இடுக்கில் இழைகளை ஓட்டி, அது பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. செடி அதற்குச் சர்க்கரையோடு கொழுப்பும் கொடுக்கிறது என்பது 2017-ல்தான் உறுதியானது.

தின்ற நுண்ணுயிர்கள் பெருகிச் சாகின்றன. அவற்றின் உடல் எச்சம் களிமண் துகளிலும், செம்மண்ணுக்கு அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைப் பிற நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடிவதில்லை. மட்காத தண்டும் சருகும்தான் மண்ணில் நெடுநாள் தங்கும் என்று வெகுகாலம் நம்பினோம். இப்போது இந்த ஒட்டல்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, பிறகு ஏன் நம் ஊர் மண்பரிசோதனை அட்டையில் கரிமம் (மண்ணில் தங்கிய கார்பன்) 0.5 சதவீதத்துக்குக் கீழே, ‘குறைவு’ என்று வருகிறது? மணல் கலந்த மண்ணில் ஒட்டிக்கொள்ளக் களி போதாது. வேலூர் வெயிலில், ஈரம் இருக்கும்வரை, சிதைவும் வேகம். போதாக்குறைக்கு, காய்ந்து கிடந்த மண்ணில் கோடைமழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துத் தின்று, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகின்றன. 1950-களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் பர்ச் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்ததால் பர்ச் விளைவு என்கிறார்கள்.

என் கணக்கில் பெரிய நஷ்டம், மல்லாட்டை எடுத்தபின் அடுத்த ஆடிவரை கொல்லை வெறுமனே கிடப்பதுதான். வேர் இல்லையென்றால் வரவும் இல்லை. மல்லாட்டைக்கு நடுவே ஊடுபயிராகத் துவரை போட்டிருந்தால், பிடுங்கிய பிறகும் அது தை மாதம் வரை நிற்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் மேல்மண் காய்ந்த பின்னும் அடியில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, இலை உள்ளவரை சர்க்கரையைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும்.