காமன் கோரைத் திட்டுவதற்கு முன்னால்

அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பேரண்ட்-டீச்சர் மீட்டிங் வந்தால் தமிழ்ப் பெற்றோர் சிலர் எனக்காகக் காத்திருந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், பல மாநிலங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கல்வித் தரநிலைகளான காமன் கோரில்தான் வந்து நிற்கும். "நாங்கல்லாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணித்தானே மேடம் இன்ஜினியர் ஆனோம்? இங்கே எட்டையும் ஆறையும் கூட்டுறதுக்கு ஒரு பக்கம் படம் வரையச் சொல்றாங்க. இது மத்திய அரசு திணிச்சதாமே, எங்க பிள்ளைக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமா?"

இந்த ஒரு கேள்விக்குள் தரநிலை, பாடப்புத்தகம், தேர்வு, அரசியல் எல்லாம் கலந்து கிடக்கிறது. பெற்றோர் குழம்புவதில் வியப்பே இல்லை. கட்சிக்காரர்கள் பல வருடமாக இதைக் கலக்கி விட்டுத்தான் ஓட்டு வாங்கினார்கள்.

முதலில் யார் கொண்டுவந்தது என்பது. மாநில கவர்னர்களின் சங்கமும் மாநிலக் கல்வித்துறைத் தலைவர்களின் கூட்டமைப்பும் 2009-ல் சேர்ந்து தொடங்கிய வேலை இது. தரநிலைகள் 2010 ஜூனில் வெளியாயின. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும், எந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அதில் இல்லை.

எழுதியது மத்திய அரசு இல்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் ஆதரவாளர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த நேரத்தில் ஒபாமா அரசு 'ரேஸ் டு தி டாப்' என்று 435 கோடி டாலருக்கு மாநிலங்களிடையே ஒரு போட்டி வைத்தது, பொதுவான தரநிலைகளை ஏற்றுக்கொண்டால் அதற்கு மதிப்பெண் உண்டு. கஜானா காலியாக இருந்த மாநிலங்கள் வேறென்ன செய்யும்? உச்சத்தில் 45 மாநிலங்கள் முழுமையாக ஏற்றன. டெக்சஸ், வர்ஜீனியா, அலாஸ்கா, நெப்ராஸ்கா கடைசிவரை சேரவில்லை, மினசோட்டா ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓக்லஹோமா 2014-ல் காமன் கோரை ரத்து செய்தபோது, தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளை எடை போட்ட பழைய 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்திலிருந்து அதற்குத் தந்திருந்த விலக்கை மத்தியக் கல்வித்துறை பறித்துக்கொண்டு, சில மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. இதைப் பார்த்தவர்களுக்கு 'மாநிலங்கள் தாமாக முன்வந்து ஏற்றவை' என்ற பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சந்தேகம் காமன் கோரோடு பிறந்ததும் இல்லை. கல்வி மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன எண்ணம், மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிற அரசியல் சட்டத்தின் 10-வது திருத்தத்தைச் சாதாரணப் பெற்றோர்கூட எடுத்து வீசுவார்கள். 1995-ல் தேசிய வரலாற்றுத் தரநிலைகளை எதிர்த்து செனட் 99-க்கு 1 என்று வாக்களித்தது. அப்புறம் 1997-ல் கிளின்டன் தேசிய அளவில் ஒரு தேர்வு கொண்டுவரப் பார்த்தபோது, அதையும் காங்கிரஸ் நடக்க விடவில்லை.

எதிர்ப்பு ஒரு கட்சியிலிருந்து மட்டும் வந்தது என்று நினைப்பவர்கள் ஆசிரியர் சங்கங்களை மறந்துவிடுகிறார்கள். சிகாகோ ஆசிரியர் சங்கம் 2014-ல் காமன் கோருக்கு எதிராகவே தீர்மானம் போட்டது. ஆசிரியர்களின் கோபத்துக்குக் காரணம் தரநிலையைவிட அதன் பின்னாலேயே வந்த தேர்வு. நியூயார்க் 2013-ல் புதிய தேர்வை வைத்தது. 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் சுமார் 31 சதவீதம் பேர்தான் தேறினார்கள். புத்தகமும் பயிற்சியும் சரியாக வந்து சேருவதற்குள் தேர்வு வந்துவிட்டது, போதாக்குறைக்கு அந்த மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரையும் எடை போடுவோம் என்றார்கள். 2015-ல் அந்த மாநிலத்தில் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் எழுதாமல் விலகினர். இந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அரசியல்வாதிகளின் கோபம் வேறு ரகம். லூசியானா கவர்னராக இருந்த பாபி ஜிண்டால் முதலில் ஆதரித்தார், 2014-ல் அதே திட்டத்துக்காக மத்திய அரசு மீது வழக்குப் போட்டார். அதே வருடம் இந்தியானா முதல் மாநிலமாக வெளியேறித் தனக்கென்று தரநிலை எழுதிக்கொண்டது. எழுதியதைப் படித்துப் பார்த்த எதிர்ப்பாளர்களே 'இது பழையதுதானே' என்று கொதித்தார்கள். பிறகு வேறு பல மாநிலங்களிலும் அட்டை மாறியது, உள்ளே பெரும்பாலும் அதே சரக்கு. ஆனால் அட்டை மாறினாலும் செலவு செலவுதான்: புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும், தேர்வை மாற்ற வேண்டும், ஆசிரியரை மறுபடி பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

டிரம்ப் 2016 தேர்தலில் காமன் கோரை ஒழிப்பேன் என்றார். ஒழிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. எந்தத் தரநிலையையும் ஏற்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பணத்தைக் காட்டி இழுக்கவும் கூடாது என்று 2015 டிசம்பரில் வந்த சட்டமே தடுத்துவிட்டது.

சரி, அந்த எட்டும் ஆறும். முதல் வகுப்புத் தரநிலை 20-க்குள் கூட்டக் கற்க வேண்டும் என்கிறது. அதற்கான வழிகளில் ஒன்றாகப் பத்தாக்கிக் கூட்டுவதைச் சொல்கிறது: ஆறிலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்தால் பத்து, மீதி நான்கு, மொத்தம் 14. மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். வாய்ப்பாடு காணாமல் போகவும் இல்லை. 3-ம் வகுப்பு முடியும்போது ஓரிலக்கப் பெருக்கல் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே தரநிலையில் எழுதியிருக்கிறது. நாம் படித்த அதே முறையில் கூட்டல் கழித்தல் 4-ம் வகுப்பில், பெருக்கல் 5-ல், வகுத்தல் 6-ல் கட்டாயம். நம் ஊரைவிடத் தாமதமாக வருகிறது என்று வேண்டுமானால் குறை சொல்லுங்கள், அதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

அப்படியானால் அந்தப் பக்கம் முழுக்கப் படம் எங்கிருந்து வந்தது? ஒர்க்ஷீட் போட்ட பதிப்பகத்திடமிருந்து. 2014-ல் இணையத்தில் பரவிய ஒரு கணக்கைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 427-லிருந்து 316-ஐ ஒரு சிறுவன் எண்கோட்டில் கழித்திருக்கிறான், அவன் எங்கே தவறினான் என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பொறியியல் படித்த ஒரு தந்தை, 'எனக்கே விளங்கவில்லை' என்று அந்தத் தாளிலேயே எழுதி அனுப்பினார். அவன் மூன்று நூறையும் ஆறு ஒன்றுகளையும் கழித்துவிட்டு நடுவில் இருந்த ஒரு பத்தை விட்டுவிட்டான், அதனால் 111-க்குப் பதில் 121 வந்தது. பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சிதான், ஆனால் அதைக் கேட்ட விதம் மோசம். கணக்குக்காகச் சின்னப் பிள்ளையிடம் கடிதம் எழுதச் சொல்லும் வரி கணிதத் தரநிலையில் கிடையாது. அந்தத் தாளைக் காட்டித்தான் எத்தனையோ மேடைகளில் காமன் கோரைக் கிழித்தார்கள்.

அதனால் வீட்டுக்கு வரும் தாளைப் பார்த்துக் கோபம் வந்தால், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். அந்தப் புத்தகத்தை வாங்கியது பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டாகத்தான் இருக்கும். ஹோம்வொர்க் அதிகம் என்றால் வகுப்பு ஆசிரியரிடமே பேசலாம். மாநிலத் தேர்விலிருந்து விலக சில மாநிலங்களில் வழி உண்டு, விதி இடத்துக்கு இடம் வேறு. தரநிலையிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்க எங்கும் படிவம் கிடையாது, அது மாநிலக் கல்வி வாரியம் முடிவு செய்வது.

டிஸ்ட்ரிக்ட் புதிய கணிதப் புத்தகம் வாங்கும் முன் மாதிரிப் பிரதிகளைப் பெற்றோர் பார்க்க வைப்பது வழக்கம். எங்கள் பக்கம் அப்படி வைத்தபோது வந்து புரட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அடுத்த முறை அறிவிப்பு வந்தால் போங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்புப் புத்தகத்தில் கழித்தல் பாடத்தைத் திறந்து, ஒரே கணக்கை எத்தனை விதமாகப் போடச் சொல்கிறது, அதில் எத்தனை கட்டாயம், வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு விளக்கம் ஏதாவது தந்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கே வைத்திருக்கும் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.