வேகமான ஃபுல்-பேக்: முன்னால் போகும் வரமும் பின்னால் கிடக்கும் வெற்றிடமும்

2019 ஜனவரியில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்கு வந்தபோது அல்ஃபோன்சோ டேவிஸ் ஒரு விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் முன்னால் நின்று தாக்கி ஆடுபவர். கானாவில் ஓர் அகதி முகாமில் லைபீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு கனடாவில் குடியேறி, 15 வயதிலேயே வான்கூவர் வைட்கேப்ஸ் அணிக்காக வட அமெரிக்க லீகில் களமிறங்கியவர். அந்த ஆண்டு அக்டோபரில் பயர்னின் தடுப்பாட்டக்காரர்கள் நிக்லாஸ் சூலேவும் லூக்கா எர்னாண்டஸும் அடுத்தடுத்துக் காயமடைந்தார்கள். லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத்தைக் காக்கும் ஃபுல்-பேக்காக (ஓரத் தடுப்பாட்டக்காரராக) ஆடிவந்த டேவிட் அலாபாவை நடுத் தடுப்புக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. காலியான இடத்தில் டேவிஸை நிறுத்தினார்கள். ஆள் இல்லாத நேரத்து ஏற்பாடுதான் அது. ஆனால் பத்து மாதம் கழித்து பயர்ன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றபோது, உலகின் சிறந்த லெஃப்ட் பேக் இவர்தானா என்று ஐரோப்பாவே பேசிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரை கோலிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் பின்னால் தள்ளி நிறுத்தினால் அவரால் எதிரணிக்கு வரும் ஆபத்து குறையத்தானே வேண்டும்? கூடியது எப்படி?

விடை ஓட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. தொழில்முறைக் கால்பந்து வீரர் ஒருவர் நின்ற நிலையிலிருந்து முதல் பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1.7 விநாடி ஆகும். ஏற்கெனவே விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடிவருபவருக்கு அதே பத்து மீட்டர் 1.1 விநாடி. வித்தியாசம் 0.6 விநாடி. கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்குள் ஓடிவருபவர் ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடுவார். விங்கர் பெரும்பாலும் நின்றுகொண்டு, எதிராளி முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பந்தை வாங்குகிறார். ஃபுல்-பேக்குக்கு முன்னால் காலி மைதானம் கிடக்கிறது. முழு வேகத்தை எட்டச் சுமார் முப்பது மீட்டர் ஓடவேண்டும். அந்த முப்பது மீட்டர் அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தடுக்க நிற்பவர் அசையத் தொடங்கும்போது இவர் உச்ச வேகத்தில் அவரைத் தாண்டிக்கொண்டிருப்பார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1970 உலகக் கோப்பை இறுதியில் பிரேசில் இத்தாலியை 4-1 என்று வென்றதில் கடைசி கோலை அடித்தவர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, ரைட் பேக். வலது விங்கர் ஜெய்ர்சின்யோ இடதுபக்கமாக நகர்ந்துபோக, அவரைக் காவல் காத்த இத்தாலியின் ஃபக்கெட்டியும் கூடவே போனார். வலதுபக்கம் முழுவதும் காலி. பெலே பந்தை மெதுவாக அந்தக் காலியிடத்துக்கு உருட்டிவிட, பின்னாலிருந்து ஓடிவந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓட்டத்தை நிறுத்தாமலே உதைத்தார். வேடிக்கை என்னவென்றால், தாக்கி ஆடும் ஃபுல்-பேக் என்ற வகையையே ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அந்த ஃபக்கெட்டிதான்.

சரி, ஃபுல்-பேக் ஓடிவருவதால் வேறென்ன நடக்கிறது? எதிரணியின் ரைட் பேக்குக்கு முன்னால் இரண்டு பேர். விங்கர் உள்ளே திரும்பலாம், ஃபுல்-பேக் வெளிப்பக்கமாகக் கடக்கலாம். ஒருவரைத் தடுத்தால் இன்னொருவர் தப்புவார். இதைச் சமாளிக்க எதிரணி விங்கர் திரும்ப ஓடிவந்து உதவ வேண்டும். அப்படி வந்தால் அவர் தன் கோலிலிருந்து இருபது மீட்டரில் நிற்கிறார், தாக்குதலுக்கு எட்டாத இடத்தில். நல்ல ஃபுல்-பேக்குகள் பந்தைத் தொடாமலேயே எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை இப்படிச் செயலிழக்க வைப்பதுண்டு. புள்ளிவிவர அட்டவணையில் இது எங்கும் பதிவாகாது.

2020 ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் பார்சிலோனாவை பயர்ன் 8-2 என்று நொறுக்கிய ஆட்டத்தில் பயர்னின் ஐந்தாவது கோலைத் தேடிப் பாருங்கள். டேவிஸ் இடதுபக்கம் பார்சிலோனாவின் ரைட் பேக் நெல்சன் செமேடோவை முதலில் நிதானமாக எதிர்கொள்கிறார். பிறகு ஒரே வெடிப்பில் தாண்டி, கோல்கோட்டை ஒட்டியே உள்ளே ஓடி, பின்னோக்கி ஒரு சின்னப் பாஸ் கொடுக்கிறார். சக வீரர் கிம்மிக் தட்டிவிட்டால் போதும் என்ற நிலை. அந்தப் பின்னோக்கிய பாஸ் முக்கியம். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே ஓரத்திலிருந்து கோல்முகத்துக்கு உயரமாகப் பந்தை (கிராஸ்) அடித்தால் துல்லியம் போய்விடும். உடல் முன்னோக்கிப் பாய்கிறது, ஊன்றும் காலுக்கு நிலைகொள்ள நேரமில்லை. இன்னொன்று, தடுப்பவர்கள் எல்லாரும் கோலை நோக்கிப் பின்வாங்கி ஓடும்போது, பின்னோக்கி வரும் பந்து அவர்கள் ஓடும் திசைக்கு எதிராக வருகிறது. நின்று திரும்ப அவர்களால் முடியாது. வேகம் இருந்தும் இந்த முடிவை எடுக்கத் தெரியாத ஃபுல்-பேக்குகள் ஏராளம். கோல்கோடு வரை பறந்துபோய் முதல் தடுப்பாட்டக்காரரின் முழங்காலில் பந்தை அடிப்பார்கள்.

இனி மறுபக்கம். ரசிகர்கள் பெரும்பாலும் தவறாகக் கணிக்கும் இடம் இது. "அவன் வேகமானவன், திரும்ப ஓடி வந்துவிடுவான்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2020 ஜூனில் வெர்டர் பிரெமனுக்கு எதிராக டேவிஸ் எட்டிய வேகம் மணிக்கு 36.51 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டரைச் சற்றே தாண்டியது. (அதே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறவும் செய்தார்.) எதிரணி விங்கர் மணிக்கு 34 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் விநாடிக்கு 0.7 மீட்டர்தான். விங்கர் ஐந்து மீட்டர் முன்னால் இருந்தால், டேவிஸ் அவரைப் பிடிக்க ஏழு விநாடி வேண்டும். அதற்குள் விங்கர் 65 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பார். பாதி மைதானத்தின் நீளமே 52.5 மீட்டர். ஆக, உலகின் மிக வேகமான தடுப்பாட்டக்காரராலும் சுதந்திரமாக ஓடும் விங்கரை வெறும் வேகத்தால் பிடிக்க முடியாது.

அப்படியென்றால் 2020 மே மாதம் டோர்ட்முண்டில் கோலை நோக்கிப் பாய்ந்த எர்லிங் ஹாலண்டை டேவிஸ் துரத்திப் பிடித்தாரே? பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுபவரின் வேகம் குறையும். விநாடிக்கு 8.5 மீட்டருக்கு இறங்கினால், அந்த ஐந்து மீட்டர் இடைவெளியை மூடச் சுமார் மூன்று விநாடி போதும். தவிர, துரத்துபவர் பந்தை நோக்கி ஓட வேண்டியதில்லை. எதிராளி போகப்போகும் இடத்துக்குக் குறுக்கே ஓடினால் பாதை இன்னும் குறையும். வேகமான ஃபுல்-பேக் பந்தோடு ஓடுபவரைப் பிடிப்பார், பந்தில்லாமல் ஓடுபவருக்குத் தோற்பார் என்று பொதுவாகச் சொல்லலாம். எதிரணிப் பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் பந்தைக் காலில் உருட்டிக்கொண்டு இவரைத் தாண்டச் சொல்ல மாட்டார்கள், தலைக்கு மேலாகப் பந்தை அனுப்பச் சொல்வார்கள்.

அனுப்பிய பந்தோ எவரைவிடவும் வேகமானது. தரையோடு அடித்த நல்ல பாஸ் விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல் போகும். ஃபுல்-பேக் முன்னோக்கி ஓடும்போது அவரது அணி பந்தை இழந்தால், முதலில் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து வேகமெடுக்க வேண்டும். எதிரணி விங்கர் அந்த நேரத்தில் ஏற்கெனவே சரியான திசையில் ஓடத் தொடங்கியிருப்பார். தாக்கும்போது இவருக்குக் கிடைத்த அந்த 0.6 விநாடி இப்போது எதிராளியின் கணக்கில் ஏறிவிட்டது.

2020 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லியோன் அணி இதைத்தான் செய்து பார்த்தது. பயர்ன் 3-0 என்று ஜெயித்ததால் பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் முதல் இருபது நிமிடத்துக்குள் லியோனின் மெம்பிஸ் டெபாய், உயரமாக நின்ற பயர்ன் தடுப்பு வரிசைக்குப் பின்னால் தப்பி வெளியே அடித்தார். டோகோ எகாம்பியின் பந்து கம்பத்தில் பட்டது. இரண்டும் உள்ளே போயிருந்தால் அந்த ஆண்டின் கதையே வேறு.

பயர்ன் ஏன் அந்த ஆபத்தை ஏற்றது என்றால், டேவிஸ் விட்டுப்போகும் இடத்தை மூட ஆள் இருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்ற அலாபா பல ஆண்டுகள் லெஃப்ட் பேக்காகவே ஆடியவர், அந்த ஓரம் அவருக்குப் பழகிய இடம். பின்னால் மானுவல் நோயர், பெனால்டி பாக்ஸைவிட்டு வெளியே வந்து பந்தை அடித்து விரட்டுவதில் பேர்போன கோல்கீப்பர். இந்த இரண்டு பேரும் இல்லாத அணியில் அதே டேவிஸை அதே மாதிரி ஆடவிட்டிருந்தால் மாதம் ஒரு பயிற்சியாளர் மாறியிருப்பார் என்பது என் எண்ணம்.

மூட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மைகோன் உதாரணம். 2010-ல் இன்டர் மிலான் மூன்று கோப்பைகளை வென்றபோது உலகின் சிறந்த ரைட் பேக்காகக் கருதப்பட்டவர். அந்த நவம்பரில் லண்டன் வைட் ஹார்ட் லேன் மைதானத்தில் டாட்டன்ஹாமின் 21 வயது கேரத் பேல் அவரை ஓட ஓட விரட்டினார். பந்தை மைகோனுக்கு ஒருபக்கம் தட்டிவிட்டு மறுபக்கமாக ஓடுவது, அவ்வளவுதான் உத்தி. இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தார், டாட்டன்ஹாம் 3-1 என்று வென்றது. பேல் தொடக்கத்தில் லெஃப்ட் பேக்காக இருந்து விங்கராக முன்னால் நகர்ந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபுல்-பேக்குக்கு எது வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வேகத்துக்கு இன்னொரு விலை, நிறுத்துவது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. முழு வேகத்தில் துரத்திவரும் ஃபுல்-பேக்குக்கு முன்னால் விங்கர் சட்டென்று பந்தை உள்ளே வெட்டினால் நேர்வது இதுதான்: கண் பார்த்து மூளை கட்டளையிட 0.2 விநாடி, அதற்குள் விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கடந்தாயிற்று, அதன்பிறகுதான் பிரேக் போடவே தொடங்குகிறார். விங்கருக்கு இந்தத் தாமதம் இல்லை, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பவரே அவர்தான். அதனால் தேர்ந்த தடுப்பாட்டக்காரர்கள் நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் உடலைத் திருப்பி நிற்பார்கள். இளம் வேகக்காரர்களுக்கு இந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

உண்மையில் அவர்களின் பெரிய பலவீனம் காலில் இல்லை என்று நினைக்கிறேன். பதினாறு வயதில் எல்லாரையும்விட வேகமாக ஓடும் பையன் தவறான இடத்தில் நின்றாலும் ஓடிப்போய்ச் சரிசெய்துவிடுவான். தவறு தண்டிக்கப்படாததால் திருத்தப்படுவதும் இல்லை. மெதுவாக ஓடும் பையனோ முதல் வாரத்திலேயே சரியான இடத்தில் நிற்கக் கற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அணியில் இடமே இருக்காது. மேல்மட்டத்துக்கு வந்தபிறகு எதிராளிகளும் அதே வேகத்தில் ஓடும்போதுதான் அந்த ஓட்டை தெரியவருகிறது.

தூரக் கம்பம் (பந்து இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கக் கோல்கம்பம்) அருகே அது பளிச்சென்று தெரியும். பந்து எதிர்ப் பக்கத்தில் இருக்கும்போது ஃபுல்-பேக் உள்ளே நகர்ந்து நிற்பார், கண் பந்தின்மேல், முதுகுக்குப் பின்னால் விங்கர். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டின் வால்வெர்தே வலதுபக்கத்திலிருந்து அடித்த பந்தை வினிசியுஸ் இடதுபக்கக் கம்பம் அருகே உள்ளே தள்ளினார், லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்குப் பின்னால் இருந்து. அவர் பெயர்பெற்றது வேகத்துக்கு அல்ல, பாஸுக்கு. ஆனால் தாக்கி ஆடும் ஃபுல்-பேக்குகள் எல்லாருக்கும் பொதுவான பள்ளம் அது. அங்கே இருப்பது இரண்டு மீட்டர் இடம்தான், எவ்வளவு வேகம் இருந்தும் ஓட வழியில்லை. அடிக்கடி தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே அங்கே உதவும்.

உடம்பின் கணக்கும் உண்டு. சில விநாடி முழு ஓட்டத்துக்கான ஆற்றல் தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து பெருமளவு வருகிறது. அது பாதியளவு நிரம்ப அரை நிமிடம், முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அறுபது மீட்டர் முன்னால் ஓடி, பந்து பறிபோய், உடனே அறுபது மீட்டர் திரும்ப ஓடுபவருக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டாவது ஓட்டம் எப்போதும் முதலாவதைவிட மெதுவானது. தற்காப்புக்கு எஞ்சுவது அந்த மெதுவான ஓட்டம். அப்புறம் தொடையின் பின்தசை. முழு வேகத்தில் கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், நீண்டுகொண்டிருக்கும் அந்தத் தசையே முன்வீசும் காலைப் பிடித்து நிறுத்துகிறது. வேகம் கூடக்கூட அதன்மேல் விழும் இழுவிசை கடுமையாக ஏறும். வேக ஆட்டக்காரர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் திரும்பத் திரும்ப வருவதற்கு இது முக்கியக் காரணம்.

அணிகள் இதற்கெல்லாம் கண்ட வழி பலவகை. ஒருபக்க ஃபுல்-பேக் ஏறினால் மறுபக்கத்தவர் பின்னால் தங்கி, மூன்று பேர் வரிசை அமைப்பது பரவலானது. மான்செஸ்டர் சிட்டியில் கைல் வாக்கர் பல ஆட்டங்களில் இப்படித் தங்கியவர், அதுவும் இங்கிலாந்தின் மிக வேகமான தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக இருந்துகொண்டு! வேகத்தைத் தாக்குதலுக்குச் செலவழிக்காமல் காவலுக்கு வைத்துக்கொள்வதும் ஓர் உத்திதான். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் இங்கிலாந்தை வென்றது, ஆனால் வாக்கர் காவல் காத்த எம்பாப்பேயால் கோல் அடிக்க முடியவில்லை.

எதிரணிக்கும் ஒரு சூதாட்டம் உண்டு. தன் விங்கரைத் திரும்பி ஓடவிடாமல் நடுக்கோட்டருகிலேயே நிறுத்திவைப்பது. ஃபுல்-பேக் ஏறினால் ஏறட்டும், பந்து கிடைத்த நொடியில் அவருக்குப் பின்னால் இருக்கும் நாற்பது மீட்டர் நமக்கு என்ற கணக்கு. அங்கே நிற்பவர் எம்பாப்பே மாதிரி ஒருவரென்றால் ஃபுல்-பேக்குக்குத்தான் முதலில் தயக்கம் வரும். ஆட்டம் தொடங்கி பத்துப் பதினைந்து நிமிடத்தில் இந்தப் பேரத்தில் யார் இறங்கிவந்தார் என்பது தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இதைப் பார்ப்பது கொஞ்சம் சிரமம். கோல்கீப்பர் பந்தை உதைக்கத் தயாராகும்போது முழு மைதானமும் காட்டப்படும் அந்த ஓரிரு விநாடிகளில் ஃபுல்-பேக் எத்தனை மீட்டர் ஏறி நிற்கிறார் என்று பாருங்கள், பந்து பறிபோகும் மறுபார்வைக் காட்சியில் அவருடைய இடுப்பு எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்றும் பாருங்கள்.