குருமாவில் மார்ஃபின்

காரைக்குடிப் பக்கம் இடியாப்பத்துக்குக் குருமா என்றால் தேங்காய், சோம்போடு கசகசாவும் அரைபட்டாக வேண்டும். அந்தக் கசகசா, அபினிச் செடியின் விதை. அபினியில் இருக்கும் மார்ஃபினோ வலியை மறைக்கும் மருந்து. போட்டிக் காலத்தில் வீரர்களுக்குத் தடை. (துபாய்க்குப் பெட்டி கட்டும்போது கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்வதும் இதனால்தான்.) அப்படியானால், நாளைக்கு ஓடப்போகிற பையன் இன்று கல்யாண வீட்டில் ஒரு பிடி பிடித்தால் மாட்டிக்கொள்வானா?

விதைக்குள் மார்ஃபின் அநேகமாகக் கிடையாது. காயைக் கீறினால் வடியும் பாலில்தான் இருக்கிறது. அறுவடையில் காய் நொறுங்கும்போது அந்தப் பாலும் தூசியும் விதைமேல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் மூட்டைக்கு மூட்டை அளவு பல மடங்கு மாறும். கசகசாவை வெந்நீரில் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு அரைக்கிற ஆச்சி, தெரியாமலே கணிசமான மார்ஃபினையும் கொட்டிவிடுகிறார். ஊறிய தண்ணீரோடு மிக்சியில் போட்டால் அத்தனையும் குழம்பில்தான்.

வயிற்றுக்குள் போன மார்ஃபினைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்து, நீரில் எளிதாகக் கரையும்படி ஆக்கிச் சிறுநீரில் தள்ளுகிறது. இணைந்தது, இணையாதது இரண்டையும் கூட்டித்தான் ஆய்வகம் கணக்குப் போடும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் வரம்பு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். பத்துப் பேருக்கு ஒரு ஸ்பூன் அரைத்த குருமா அதை எட்டுவது அரிது. கசகசாவையே கை நிறையப் போட்டுச் செய்த பாயசம், கேக் என்றால் கதை வேறு. அவை வரம்பைத் தாண்ட வைக்கலாம்.

ஹெராயின் எடுத்துவிட்டுக் கசகசாமேல் பழி போடவும் முடியாது. ஹெராயின் உடைந்தால் 6-அசிட்டைல்மார்ஃபின் வரும். கசகசாவிலிருந்து அது வராது. ஆனால் அளவு தாண்டிவிட்டால் 'சாப்பாட்டில் இருந்தது' என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது. போட்டிக் காலம் என்பது பொதுவாக முந்தைய இரவு 11.59-க்கே தொடங்குகிறது. அதற்கு முன் சாப்பிட்டாலும், மறுநாள் கொடுக்கும் சிறுநீரில் இருந்தால் இருந்ததுதான். ஓடுகிற பிள்ளைகள் ரெண்டு நாள் குருமாவைத் தள்ளிவைத்து, சாம்பாரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சமையலில் வருகிற பொருள் என்பதால்தான் மார்ஃபினுக்கு இப்படி ஒரு கோடு. ஸ்டனோசோலால் போன்ற செயற்கை ஸ்டீராய்டு எந்த அடுப்படியிலும் கிடையாது; அதற்கு வரம்பும் கிடையாது, துளி தென்பட்டாலே குற்றம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் 100 மீட்டர் தங்கத்தைப் பறித்தது அந்த மருந்துதான்.