கொதிக்க வைத்தாலும் போகாத நைட்ரேட்

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது உப்பையும் கிருமியையும் பற்றித்தான். அறிக்கையில் நைட்ரேட் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த, நீரில் கரையும் பொருள்) அதிகம் என்றால், "சரி, கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இது நிலத்தடிக்கு எப்படி வந்தது? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. மின்னல் அந்தப் பிணைப்பை உடைக்கும், சில பாக்டீரியாக்களும் உடைக்கும். பயறு வகைச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற அந்தப் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் இரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் ஒன்று தரும் நிறம் அது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

மூன்றாவது வழி, ஹேபர், போஷ் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் காட்டிய, காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் தொழிற்சாலை வழி. 1913-இல் உற்பத்தி தொடங்கியது. இன்று நாம் வயலில் போடும் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்ணின் மேலேயே கிடந்தால் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண்ணுக்குள் போனது அம்மோனியமாக மாறிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சிக்கல் இங்கேதான். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்), களிமண்ணுக்கும் அதேதான், அதனால் இரண்டும் ஒட்டாது. பிடித்து வைக்க ஆளில்லாததால், பயிர் எடுக்காத மிச்சம் நீரோடு கீழே இறங்கிவிடும். காற்றோட்டமில்லாத ஈர மண்ணில் வேறு பாக்டீரியாக்கள் ஒரு பகுதியை மறுபடி காற்றுக்கே அனுப்பும். அதிலும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் கசியும். கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமேற்றும் வாயு அது.

எல்லாப் பழியையும் யூரியா மேல் போடுவது நியாயமில்லை. நாம் சாப்பிடும் புரதத்தின் நைட்ரஜனும் கடைசியில் சிறுநீரில் யூரியாவாகவே வெளியேறுகிறது. கழிவறைக் குழியோ சாணக் குவியலோ கிணற்றுக்கு அருகில் இருந்தால், சுற்றிலும் வயலே இல்லாமல்கூட நைட்ரேட் ஏறும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், அது உடலில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அறிக்கையில் 'நைட்ரேட்-நைட்ரஜன்' (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) என்றிருந்தால், அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிடுங்கள். 12 என்று பார்த்து நிம்மதியடைகிறவர்கள் உண்டு, உண்மையில் அது 53. புறஊதா விளக்கு நைட்ரேட்டை நீக்காது, ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும். ஆழமில்லாத கிணறு என்றால் மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை சோதியுங்கள், இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.